இடது தோள், வலது தோள்

எர்மோசியோவில் ஆகஸ்ட்.
நாற்பத்தேழு டிகிரி என்பது நிழலில் அளந்த கணக்கு.
அந்த நிழலில் நின்றவர் யாரோ,
அவரைத்தான் கேட்க வேண்டும்.
நாங்கள் தார் போடுகிறவர்கள்.

பல்கலைக்கழகத்திலிருந்து யாதிரா வந்தாள்.
கையில் ஒரு சட்டை, நடுவில் தையல்.
இடப்பாதி புதுத் துணி, வலப்பாதி சாதாரணப் பருத்தி.
இரண்டும் வெள்ளை. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.
தோளுக்கொன்றாக, தோலோடு
இரண்டு பொத்தான்களை ஒட்டினாள்.

"மின்சாரம் வேண்டாம், விசிறி வேண்டாம், எலெயுத்தேரியோ.
வெயிலை வந்த வழியே திருப்பிவிடும்.
உங்கள் உடம்புச் சூட்டை
காற்று அடைக்க மறந்த ஒரு சந்து வழியாக
வானத்துக்கு அப்பால் அனுப்பிவிடும்.
மேலே வானம் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.
மரத்தடியில், தகரக் கூரையடியில்
அவ்வளவாகப் பலிக்காது."

நசாரியோ சிரித்த சிரிப்பில் தார் வாளி ஆடியது:
"அப்படியென்றால் நமக்கென்றே நெய்ததுதான்!"

பத்து மணிக்கு என் உடம்பில் இரண்டு ஊர்.
இடது தோள் கடலோரம், குவாய்மாஸ் பக்கம்.
வலது தோள் இங்கேயே, லாரியின் புகைக்குப் பின்னால்.
நடுத் தையல் எல்லைக் கோடு.
வியர்வை ஒரு பக்கத்திலிருந்து மட்டும்
அதைத் தாண்டப் பார்த்தது.

ஆனால் வாரியை இழுப்பது வலது கை.
இரண்டு நாள் பொறுத்தேன்.
சும்மா தொங்குகிறவனுக்குக் கடல் காற்று,
உழைக்கிறவனுக்கு உலை.
மூன்றாம் நாள்
சட்டையின் முதுகை மார்புக்குப் போட்டுக்கொண்டேன்.

மாலையில் ஃபோன்.
"கோடுகள் இடம் மாறிவிட்டன. கருவி கெட்டுவிட்டதா?"
சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.
வெகுநேரம் பேனா ஓடும் சத்தம்.
"கெடவில்லை," என்றாள்.
"நாளைக்கும் அப்படியே போடுங்கள்."

வெள்ளிக்கிழமை சட்டையைத் திரும்ப வாங்கினாள்.
துவைத்துத் தருகிறேன் என்றேன்; கூடாதாம்.
என் உப்போடு மடித்து, பையிலிட்டு,
மேலே என் பெயரல்ல, ஓர் எண்.

திங்கள். பழைய ஆரஞ்சு உடுப்பு.
"அந்தச் சூடெல்லாம் இப்போது எங்கே இருக்கும்?"
நசாரியோ கேட்கிறான்.
நிலாவை எப்போதோ தாண்டியிருக்கும்.
போன வாரத்து என் தோள்,
யாருமில்லாத குளிரில் இன்னும் போய்க்கொண்டே.

வாரியை இடது கைக்கு மாற்றிப் பார்க்கிறேன்.
பழக்கமில்லை.
தார் கோணலாக விழுகிறது.