எண்பத்தேழு ரூபாய்

அமிர்தவல்லி ஊரைவிட்டுப் போன வாரம்
பத்துப் பேர் குழு ஒன்பது ஆனது.
அவள் தவணை எழுநூற்று எண்பது.
ஒன்பதால் வகுத்தால் எண்பத்தாறு சொச்சம்,
எண்பத்தேழா வச்சிக்குவோம்க்கா
என்றான் கலெக்‌ஷன் தம்பி.
வைத்துக்கொண்டோம்.

எண்பத்தேழு என்றால்
அரைக் கிலோ மத்தி, ஒரு கை புளி.
அல்லது பையனுக்கு வேனில் மூன்று நாள்.
அல்லது ஒன்றுமே இல்லை,
செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு
ஜோதிமலர் வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்து
உறுதிமொழி சொல்லி முடித்ததும்
சுருட்டி வைத்த நோட்டுகளோடு
சேர்த்து நீட்டிவிடுவது.

என் தவணை என் பாடு.
கூரையை எடுத்துவிட்டு ஷீட் போட வாங்கினேன்.
ஷீட்டுக்கு அடியில் படுக்க முடியவில்லை என்று ஃபேன்,
அது வேறு இடத்தில், வேறு கிழமை.

மதிவாணன் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள்.
நெல் எடுக்காத நாளில் மூட்டை இல்லை,
மூட்டை இல்லாத நாளில் கூலி இல்லை.
ஐப்பசி மழையில் தார்ப்பாய்க்கு அடியில்
யாருடைய குவியலோ முளைவிட்டது.
பச்சைப்பசேலென்று, சொன்னால் என்ன,
அழகாகத்தான் இருந்தது.
செவ்வாய்க்கிழமையில் சொருகிப் பார்க்க
ஈரம் காட்டும் கருவி ஒன்றும் இல்லை.

நான் கடைத்தெரு ஆன்லைன் சென்டரில்
சிட்டா எடுத்துத் தருகிறேன், பயிர்க்கடனுக்கு.
கடன் கேட்பவர்களின் கட்டைவிரலைப் பிடித்துக்
கண்ணாடியில் அழுத்துவதுதான் என் வேலை.
சிலருக்கு ரேகை விழாது.
துடைத்துவிட்டு மறுபடி வையுங்க ஐயா என்பேன்.

இந்த மாதம் மூன்று மொய்.
என் கல்யாணத்து நோட்டில் ஐநூற்று ஒன்று எழுதியவருக்கு
ஆயிரத்து ஒன்றாகத் திரும்பினால்தான் மரியாதை.
ஒன்றுக்கு மட்டும் போனேன்.
சாப்பிடாமல் வந்தால் குறைத்துக்கொள்வார்களா என்று
மதிவாணன் கேட்டார்; சிரித்துவிட்டு
இருவரும் சேர்ந்தாற்போல் நிறுத்தினோம்.

அவளைத் திட்டாத நாளில்லை.
குழம்பில் தண்ணீர் ஊற்றும்போது ஒரு தடவை,
பையன் பென்சிலைக் கட்டை ஆகும்வரை சீவும்போது ஒரு தடவை.
ஆனால் ஒருநாள் நீடாமங்கலம் கேட்டில்
பஸ் நின்றபோது,
அரிசி ஏற்றிய சரக்கு ரயிலின்
நாற்பத்தோராவது பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தவள்
எனக்கே தெரியாமல் நினைத்தேன்:
இதில் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?
கேட் திறந்தது.
எல்லா ஹாரனும் என்னைப் பார்த்து அடித்தாற்போல் இருந்தது.

சிலிண்டரைப் படுக்கவைத்து
உருட்டி உருட்டிச் சமைத்த மூன்றாம் இரவு
போன் ஒரு சத்தம் போட்டது.
அமிர்தவல்லி.
ஐநூறு ரூபாய்.
குறிப்பு எழுதும் இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.
திரும்ப அடித்தேன். அணைத்து வைத்திருந்தாள்.

ஐநூறை ஒன்பதால் வகுத்தால் ஐம்பத்தைந்து, சில்லறை.
எனக்கு ஒரு பங்கு,
மீதி எட்டுப் பேருக்கு.
மும்தாஜுக்கு மூன்று மாத்திரை அட்டை.
ஜோதிமலருக்கு, ஒருவேளை, மத்தி.
எல்லாம் தெரியும்.
காலையில் சிலிண்டர் வண்டி வந்தது,
ஐநூறோடு உண்டியலையும் உடைத்துக் கொடுத்தேன்.

அன்றைக்குச் சோறு பொங்கிய வேகத்தைப் பார்த்துப்
பையன் கைதட்டினான்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
எட்டுப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன்,
ஆளுக்கு ஐம்பத்தைந்து.
இதற்கு வட்டி இல்லை, கலெக்‌ஷன் தம்பி இல்லை,
கேட்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.
எல்லாக் கடனையும்விட
இதைக் கூட்டும்போதுதான் பேனா தயங்குகிறது.

நேற்றுச் செவ்வாய்.
ஒருவருக்கொருவர் பொறுப்பாக இருப்போம்
என்ற வரி வந்தபோது
என் குரல்தான் எல்லோரையும்விட உரத்துக் கேட்டது.
மும்தாஜ் திரும்பிப் பார்த்தாள்.

இன்னும் பதினோரு வாரம்.