ஈரத்துக்குக் கழிவு

மழை நாளில் வரும் பச்சைக்கு
நூறு கிலோவுக்குப் பத்து
தண்ணீருக்கென்று கழிப்பேன்.
"இலை வேற, ஈரம் வேற" என்பேன்
சண்டைக்கு வரும் பெள்ளனிடம்.
கோத்தகிரிக்குக் கீழே, தகரக் கொட்டகையில்
பதினேழு வருடம் தராசுக்குப் பின்னால் நின்றவன்.
என் ரசீதில் பேரம் கிடையாது.

போன ஆடியில்
எழுதிய எண்ணைத் திரும்பப் பார்த்தேன்.
திரும்பவும்.
லாரி கிளம்பிப் போன பிறகும்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு மூன்று மணிக்கு நெஞ்சுக்குள்
செயின் கழன்ற சைக்கிளை யாரோ மிதித்தார்கள்.
காலையில் அதே நெஞ்சின் மேல்
நனைந்த சாக்கு.
ஓடு என்றது ஒன்று.
எங்கே, எதற்கு என்றது இன்னொன்று.
நடுவில் நான், பல் துலக்கும் பிரஷ்ஷோடு
நாற்பது நிமிடம் நின்றிருக்கிறேன்.

லீலாவதி திட்டவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
மைத்துனன் தாயத்து கொண்டுவந்தான்.
மருந்துக்கடைக்காரர் சத்து டானிக் கொடுத்தார்.
"நாலு நாள் எங்கயாவது மலைப்பக்கம்
போயிட்டு வாங்களேன்" என்றார் ஒருவர்,
போனில், கோயம்புத்தூரிலிருந்து.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரி, வியாழக்கிழமை.
மனநலப் பலகைக்கு நேரே உட்காரக் கூச்சம்.
தள்ளி, கண் பிரிவின் பெஞ்சில் உட்கார்ந்தேன்.
"குணபாலன்" என்று கூப்பிட்டபோது
பெஞ்சிலிருந்த மற்ற மூவரும்
தரையைப் பார்த்தார்கள்,
நன்றாகத் தெரிகிற கண்களால்.

டாக்டர் ரெஜினா ஒரு தாளிலிருந்து கேட்டார்.
போன ரெண்டு வாரத்தில்
எத்தனை நாள் தூக்கமில்லை,
எத்தனை நாள் எதிலும் ருசியில்லை,
எத்தனை நாள், இல்லாமல் போனால் தேவலை என்று.
பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று.
கூட்டினார்.
எடை போடுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது.
அந்தத் தட்டில் நான் ஏறியதே இல்லை.
கடைசிக் கேள்விக்கு
"ஒரு நாள்" என்றேன்.
பேனாவைக் கீழே வைத்தார்.
அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும்
வெகுநேரம் கேட்டார்.

"பதற்றமும் இருக்கு, மனச்சோர்வும் இருக்கு.
பல பேருக்கு ரெண்டும் சேர்ந்துதான் வரும்."
"ரெண்டு மாத்திரையா டாக்டர்?"
"ஒண்ணு. முதல்ல பாதி."
ஓடச் சொல்வதற்கும் படுக்கச் சொல்வதற்கும்
ஒரே மருந்து எப்படி?
சிரித்தார்.
"எங்களுக்கே முழுசாத் தெரியாது.
நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க."

முதல் பத்து நாள் வயிற்றைப் புரட்டியது.
சைக்கிள் இன்னும் வேகமாகச் சுற்றியது.
இப்படி ஆகலாம் என்று சொல்லியிருந்தார்.
சொல்லியிருந்ததால் விழுங்கினேன்.
மூன்றாம் வாரம் ஒன்றும் நடக்கவில்லை.
ஐந்தாம் வாரம், கடந்துபோன கேரட் லாரியின்
மண் வாசனை மூக்குக்கு எட்டியது.
அவ்வளவுதான்.
ரசீதில் எழுத அதற்கு எடை கிடையாது.

பேசுவதற்கு ஜெசிந்தா என்றொருவர், மாடி அறையில்.
சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை வரை
கவலைப்படலாம் என்றார்.
மற்ற நேரத்தில் வருவதை நோட்டில் எழுதி
ஆறு மணிக்கு வா என்று அனுப்ப வேண்டும்.
நேரம் தப்பி வரும் இலையை
நானும் அப்படித்தான் அனுப்புவேன்.
முதல் நாள் பதினான்கு வந்தன.
ஆறு மணிக்குப் பாதி திரும்பவேயில்லை.

"மனசு வரட்டும்னு காத்திருக்காதீங்க.
கைய முதல்ல அனுப்புங்க."
ஒரு நாள் செருப்பைக் கழுவினேன்.
ஒரு நாள் கோழிக்கூண்டு.
ஒரு புதன்கிழமை எதுவுமில்லை.
அதையும் எழுதச் சொன்னார்.

இன்றைக்கு மழை.
பெள்ளன் மூட்டையை இறக்குகிறார்.
"எவ்வளவு கழிப்பே?"
பத்து என்று எழுதுகிறேன்.
ஒரு தடவை திரும்பப் பார்க்கிறேன்.
இரண்டாவது தடவையும்.
மூன்றாவதற்குள் லாரி கிளம்பிவிடுகிறது, நல்லவேளை.

மாத்திரை இப்போது பாதியில்லை, முழுசு.
டாக்டரைக் கேட்க ஒன்று வைத்திருக்கிறேன்:
பதினேழு வருடமாக நின்றவனில்
இலை எவ்வளவு, ஈரம் எவ்வளவு?
நோட்டில் எழுதியாகிவிட்டது.
ஆறு மணிக்கு எடுத்துக்கொள்ளலாம்.