ஆறில் தவறுகிறது

வண்ணார்பேட்டை டெப்போவில்
இரவு வந்து சேரும் வசூலை எண்ணுகிறவள் நான்.
ஈர நோட்டு, எண்ணெய் நோட்டு, மீன்வாடை நோட்டு,
நடுவில் கிழிந்து செல்லோடேப் போட்டது.
பதினெட்டு வருசத்தில் ஒரே ஒருமுறை
நாற்பது ரூபாய் இடித்தது.
அதுவும் என் தப்பில்லை.

அப்படிப்பட்டவளுக்கு
பாளையங்கோட்டை நீச்சல்குளத்தில்
காலை ஆறு முதல் ஏழு, பெண்கள் நேரம்,
இருபது நீளம் எண்ணத் தெரியவில்லை.

முட்டிவலி டாக்டர் எழுதித் தந்தது:
தினம் இருபது.
மாத்திரைச் சீட்டிலேயே,
சாப்பாட்டுக்கு முன் என்று குறி போட்டு.

முதலில் விரல் மடக்கினேன்.
விரலை மடக்கினால் தண்ணீர் பிடி கொடுப்பதில்லை.
பிறகு மேட்டில் இருபது புளியங்கொட்டை வைத்து
வந்து தொடும்போதெல்லாம் இரண்டிரண்டாகத் தள்ளினேன்.
அணில் ஒன்று
நாலு நீளத்தைத் தூக்கிக்கொண்டு வேம்பில் ஏறிவிட்டது.

அப்புறம்தான் பஸ் ஸ்டாப் கணக்கு.
ஒன்று, பாளை பஸ் ஸ்டாண்ட்.
இரண்டு, மார்க்கெட்.
மூன்று முருகன்குறிச்சி.
நான்கு வண்ணார்பேட்டை, எங்கள் டெப்போ,
தலையைத் தூக்காமல் கடந்துவிடுவேன்.
ஐந்து கொக்கிரகுளம்.
அதைத் தாண்டினால் ஆறு.

ஆறா, ஆறா?
பாலத்தடியில் ஓடுவதா
ஐந்துக்கு அடுத்து நிற்பதா?
ஆற்றை எண்ணினேனா, எண்ணைக் கடந்தேனா
என்று யோசிப்பதற்குள்
மூக்கில் குளோரின் ஏறி
ஜங்ஷன் ஏழா எட்டா.

கரையில் ஜுலைகா இருப்பாள்,
மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து.
மகள் ரிஸ்வானா மாவட்டப் போட்டிக்காக
மூன்றாம் தடத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டிருக்க,
அதைப் பார்க்க நெஞ்சு தாங்காமல்
என்னை எண்ணுவாள்.

“புஷ்பக்கா, எத்தன?”
“பத்தொம்பது.”
“பதினெட்டு.”
“ஏட்டி, பத்தொம்பது.”
“டிக்கெட் இருக்கா?”

டெப்போக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது.

போன வாரம் சண்டை வேறு தினுசாக வந்தது.
போனால் ஒன்று, வந்தால் ஒன்று என்றேன் நான்.
போய்வந்தால்தான் ஒன்று என்றாள் அவள்.
அவள் சொல்வது சரியென்றால்
சித்திரையிலிருந்து நான் நீந்தியதெல்லாம் பாதி.

“வீட்ட விட்டு எறங்கையில என்ன சொல்லுவிய?
போயிட்டு வாரேன்னுதான?
அதுக்குப் போக ஒண்ணு, வர ஒண்ணுன்னு
ரெண்டு டிக்கெட்டா கிழிக்கிய?”

“கிழிக்கத்தான் செய்வோம்” என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் காவலாளி விசில் ஊதினாள்.
நான் எதிர்ச்சுவருக்கு நீந்திப்போய்
ஓடு பெயர்ந்த ஆழப்பக்கத்தில்
விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன்.

ஜெயசிங் கிளம்பிய அன்று
“போறேன்” என்றுதான் சொன்னார்.
வாசலில் குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டபடி,
குரல் கூட உயராமல்,
வெறும் போறேன்.
அவர் போனதைவிட
அந்தச் சொல்லுக்குத்தான் ரொம்ப நாள் அழுதேன்,
ஒரு வாரேனைச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும் என்று.
இப்போது பார்த்தால்
எங்கள் இருவரில் கணக்கு சுத்தம் அவர்தான்.
வராத பயணத்துக்கு டிக்கெட் எடுக்கவில்லை.

தொங்கிக்கொண்டிருக்கையில் இன்னொன்றும் புரிந்தது.
துண்டும் செருப்பும் கிடக்கும் கரையில் நின்றால்
எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை.
இந்தச் சுவரில் நின்றால் எப்போதும் ஒற்றை.
அப்படியானால் அவள் காலடியில் நின்றுகொண்டு
பத்தொன்பது என்று நான் அடித்துச் சொன்ன
அத்தனை நாளும் பொய்.
வசூல் எண்ணுகிறவளுக்கு
இது தோன்ற மூன்று மாதம்.

ஊசிக்கோபுரத்தின் மேல் வெயில் ஏறிவிட்டது.
ரிஸ்வானா மூச்சிரைக்கத் தன் நேரத்தைக் கேட்கிறாள்.
அங்கிருந்து ஜுலைகா,
“யக்கா, மணி ஏழாகப் போவுது. எத்தன?”

ஒற்றை என்று சொல்லலாம்.
கால்களைச் சுவரில் ஊன்றி
“வாரேன்” என்று வாயைத் திறந்தேன்.
பாதிக் குளம் உள்ளே போயிற்று.