யார் சொல்லி வந்தீர்கள்

படிவத்தில் ஏழாவது கட்டம்.
யார் சொல்லி வந்தீர்கள்?
சுவரொட்டி, குறுஞ்செய்தி, மருத்துவர், மற்றவை.

நிங்போ நகரின் கிழக்கு ஓரம்.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகக் கிரேன்கள்,
உள்ளே பதிவு மேசையில் நான்.
அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு
ஆண்டுக்கொரு முறை இலவசப் பரிசோதனை,
எந்த ஊர்க்காரரானாலும் சரி
என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறோம்,
லிஃப்டில், பஸ் நிறுத்தத்தில்,
எங்கள் கழிப்பறைக் கதவில்கூட.

சுவரொட்டி பார்த்து வந்தவர்கள்
மூன்று ஆண்டில் இரண்டு பேர்.
அதில் ஒருவர் கழிப்பறை தேடி வந்தவர்.

கூட்டமெல்லாம் மற்றவையில்.
மற்றவை என்றால் லுவான் ஷூச்சின்.

வடக்கே ஹெய்லோங்ஜியாங்கிலிருந்து
மகள் வீட்டோடு வந்துவிட்டவள்.
ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்த குரல்,
ஓய்வு பெறாமல் அப்படியே இருந்தது.
நாலு மணிக்குப் பேரப்பிள்ளைகளை அழைக்க
பள்ளிக்கூட வாசலில் நிற்பார்களே,
அதுதான் அவளுக்குப் பிளாட்பாரம்.
"ஏய் கான்சுக்காரரே, கால் வீங்கியிருக்கு.
நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு வா.
தண்ணிகூடக் கூடாது."

கான்சுக்காரர் மா தெகுயி.
முப்பது ஆண்டு டிராக்டர் பழுது பார்த்தவர்.
வந்து எட்டு மாதம்,
அவர் அதிகம் பேசியது லிஃப்டோடுதான்,
அதுவும் திட்டுவதற்கு.
காப்பீட்டு அட்டை ஊரில், உடம்பு இங்கே.
மகனிடம் சொன்னால் அரைநாள் கூலி போகும்.
ஓசியில் ரத்தம் எடுக்கிறவன்
பின்னாலேயே எதையாவது விற்க வருவான்.
இப்படி எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு நட்டு இருந்தது,
இறுக்கமாக.

வந்தார். லுவானுக்கு இரண்டடி பின்னால்,
தனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லாததுபோல.
சர்க்கரை
ஏழைத் தாண்டக் கூடாத இடத்தில் பதினாலு.
மருத்துவருக்கு நிங்போப் பேச்சு, இவருக்குக் கான்சுப் பேச்சு.
லுவானுக்கு இரண்டுமே தெரியாது.
இரண்டையும் இன்னும் சத்தமாகச் சொன்னாள்.
புரிந்துவிட்டது.

புத்தாண்டு முடிந்து
மகளின் கம்பெனி செங்துவுக்கு மாறியது.
லுவான் போய்விட்டாள்.
ஒரு வாளி முட்டைக்கோஸ் ஊறுகாயை
என் மேசையில் வைத்துவிட்டு.

மார்ச்சில் பதினொரு அட்டைகளில்
ஒரு புதிய எண்கூட ஏறவில்லை.
ஏப்ரலிலும்.
மாவுக்குப் போன் செய்தேன், மகன் எடுத்தான்.
ஃபோர்க்லிஃப்ட் இரைச்சல். என்ன, என்ன என்றான்.
வைத்துவிட்டான்.
இயக்குநர் கூட்டம் போட்டார்.
சுவரொட்டியைப் பெரிதாக்கச் சொன்னார்.

ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்கு
வேலை நேரத்தில் எழுந்து போனேன்.
எனக்கு அந்தப் பள்ளியில் பிள்ளை இல்லை,
எந்தப் பள்ளியிலும் இல்லை.
டியூஷன் விளம்பரம் கொடுக்க வந்தவள் என்று
எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.
மின்ஸ்கூட்டர்களுக்கு நடுவே மா நின்றார்,
ஒன்றின் பிரேக்கைக் குனிந்து பார்த்தபடி.

மாத்திரை?
"தீர்ந்து நாற்பது நாள்."
ஏன் வரலை?
என்னை விசித்திரமாகப் பார்த்தார்.
"யாருமே போகலையே."

லுவானின் குரல் என்னிடம் இல்லை.
இருந்த குரலில் சொன்னேன்,
நாளைக்கு வெறும் வயிற்றோடு, தண்ணிகூட வேண்டாம்.
மணி அடித்தது. பாதி, பிள்ளைகளின் இரைச்சலில் போயிற்று.

மறுநாள் ஏழு மணிக்கு நாலு பேர்.
மீதிப் பேர் எந்த வாசலில் நிற்கிறார்களோ.
ஏழாவது கட்டத்தில் பேனா நின்றது.
யார் சொல்லி வந்தீர்கள்?
"லுவான்" என்றார் மா,
ஆயிரத்தெழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவளை.
மற்றவை என்று குறித்தேன்.

அவருக்கு இரண்டடி பின்னால் ஒருவர்,
என் ஏட்டில் இல்லாத முகம்,
தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.
இவர் யார்?

"தெரியாது" என்றார் மா,
சட்டைக் கையை மேலே ஏற்றியபடி.
"வாசலில் நின்று இருமிக்கொண்டிருந்தார்."