பின்னிணைப்பு ஈ

திட்டம் எண்பத்து மூன்று பக்கம்.
ஏழாவது திருத்தம், நீல உறை.
எரிந்தால், வழிந்தால், கவிழ்ந்தால், கசிந்தால்
என்று தொடங்கும் எல்லா வாக்கியத்துக்கும்
அதில் ஒரு முடிவு உண்டு.
முழுக்கப் படித்தவர் யாருமில்லை.
நானும்தான்.
என் வேலை கடைசி நாலு பக்கம்:
பெயர், தொலைபேசி எண், எந்தச் சாவி.

அக்டோபரில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை
எல்லா எண்ணையும் அழைக்க வேண்டும்.
"கவுன்சிலிலிருந்து பேசுகிறேன். இது சோதனை மட்டுமே."
அந்த 'மட்டுமே'யை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
போன வருடம் கடைசியில் சொல்லப்போய்
கால்நடை மருத்துவர் பாதி வழி வந்துவிட்டார்.

நீங்கள் இன்னும் நீங்கள்தானா
என்பதுதான் உண்மையில் என் கேள்வி.
டிராக்டர் வைத்திருக்கும் க்விலிம் ப்யூ: ஆம்.
மணல் மூட்டைக் கிடங்கு: ஆம், ஆனால் பூட்டு மாறிவிட்டது.
அடுத்த ஊர் குருத்வாரா சமையலறை: ஆம், எத்தனை பேருக்கு?
இல்லை, இது சோதனை மட்டுமே.
சரி, எத்தனை பேருக்கு?

பட்டியலில் என் எண்ணும் இருக்கிறது.
விதி விதிதான்.
அழைத்தேன்.
எங்கேஜ்டு.

முப்பத்தொன்றாவது எண்:
ஆல்வின் ப்ராசர், பள்ளி மண்டபம், இரண்டு சாவி.
ஒரு பெண் எடுத்தாள்.
ஜூனில் இறந்துவிட்டார் என்றாள்.
குரலில் மேடு பள்ளம் இல்லை.

திரையில் 'நீக்கக் காரணம்' என்றொரு கட்டம்:
இடமாற்றம். எண் மாற்றம். பணி ஓய்வு. மற்றவை.
மற்றவையை அழுத்தினேன்.

"சாவி ஆணியில்தான் தொங்குகிறது.
நீங்கள் கூப்பிட்டால் அவர் என்ன செய்ய வேண்டியிருந்தது?"

கதவைத் திறக்க வேண்டும். விளக்கு. ஹீட்டர்.
தேநீருக்கு வெந்நீர்.

"அந்த ஹீட்டர் அவர் கைக்கு ஒருநாளும் பற்றியதில்லை,"
என்றாள். "எட்டி உதைத்தது நான்."

சேர்த்துக்கொண்டேன்:
டாரத்தி ப்ராசர். அதே எண். அதே ஆணி.

தலைக்கு மேல் போனபின்
சாண் என்ன முழம் என்ன என்போம் நாம்.
இங்கே சாணுக்கு ஒரு நிறம், முழத்துக்கு ஒரு நிறம்.
பிப்ரவரியில் மூன்று நாள் மழைக்குப் பிறகு
செவர்ன் ஆறு
மஞ்சளில் படுத்து
ஆம்பரில் புரண்டு
அதிகாலை இரண்டு நாற்பதுக்குச்
சிவப்பில் எழுந்தது.

அந்நேரம் கவுன்சில் என்பது
என் வீட்டுச் சமையல் மேசை.
மடிக்கணினி, இரண்டு போன், பைஜாமாவில் நான்,
சுவருக்கு அப்பால்
தூக்கத்தில் பையன் புரண்டு படுக்கும் சத்தம்.

முப்பத்தொன்றை அழைத்தேன்.
இரண்டாவது மணிக்குள் எடுத்தாள்.
"சோதனையா?"
"இல்லை."
இந்த ஒரு சொல்லைச் சொல்லத்தானா
இத்தனை வருடம் ஒத்திகை பார்த்தேன்?

நாலரைக்கு மண்டபத்தில் நாற்பத்தாறு பேர்,
நாலு நாய்,
போர்வை போர்த்திய ஒரு கிளிக்கூண்டு.
நாய்க்குத் திட்டத்தில் அரைப் பக்கம் உண்டு.
கிளிக்கு இல்லை.
இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி இருந்தது, பூட்டியிருந்தது.
அந்தச் சாவியைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஆற்றோரத் தெருவில் ஒருவர்
மாடியை விட்டு இறங்கமாட்டேன் என்றார்.
வாதாடவில்லை ப்யூ.
ஜன்னலுக்குக் கீழே டிராக்டரை நிறுத்திச்
சும்மா உட்கார்ந்திருந்தார், நனைந்தபடி, முக்கால் மணி நேரம்.
வெட்கம் தாங்காமல் அந்த மனிதர் இறங்கிவந்தார்.

விடிந்தபோது குருத்வாராவிலிருந்து பருப்பு வந்தது.
இந்தமுறை
எத்தனை பேருக்கு என்று கேட்கவே இல்லை.

மறுஆய்வுக் கூட்டத்தில்
'கற்ற பாடங்கள்' என்ற தலைப்பின் கீழ்
கிளிக்கு ஒரு வரி, குளிர்பெட்டிச் சாவிக்கு ஒரு வரி.
ஹீட்டரை எங்கே உதைப்பது என்பதையும்
எழுதச் சொன்னேன்.
பாதுகாப்பு அதிகாரி அதை அடித்துவிட்டார்.

மார்ச். முப்பத்தொன்று.
"கவுன்சிலிலிருந்து. இது சோதனை மட்டு..."
"தெரியும். நான்தான்," என்றாள் டாரத்தி.
பிறகு, கேட்காமலே,
"வலது பக்கம். கீழே. முழங்கால் உயரம்.
எழுதிக்கொள்."

திட்டத்தின் ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்.