நின்றவை

பாடாங் செராய்க்கு வெளியே, செம்பனை ஆலையின் பின்புறம்
கழிவுக் குட்டைகள் ஆறு.
முதல் குட்டை ஆவி பறக்க வரும், புளித்த கஞ்சி வாடையோடு.
ஆறாவதில் கொக்கு நிற்கும்.
இடையில் நடப்பதை எண்ணி எழுதுவது என் வேலை.
ராத்திரி அலவன்ஸ் தனி.

மைக்ராஸ்கோப்பின் அடியில் அவை
ஒரு நொடி நேராக ஓடும்,
பிறகு தலைகுப்புறப் புரளும்.
எந்தப் பக்கம் திரும்பி விழுகிறதோ
அந்தப் பக்கம் மறுபடி ஓட்டம்.
கண் கிடையாது.
சற்று முன் இருந்த நீரைவிட இந்த நீர் தேவலையா,
அவ்வளவுதான் கணக்கு.
தேவலை என்றால் புரள்வதைத் தள்ளிப்போடும்.

நேற்று குளிர்விக்கும் குழாய் அடைத்துக்கொண்டது.
மூன்றாம் குட்டை நாற்பத்துநாலு டிகிரி.
ஃபோர்மன் ஹஸ்புல்லா கொண்டுவந்த பாட்டில்
காய்ச்சல் கண்ட பிள்ளையின் கழுத்துப் போலிருந்தது.
ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன்.
எதுவும் ஓடவில்லை, எதுவும் புரளவில்லை.
நீர் அசைத்த பக்கம் சும்மா மிதந்தன.
நோட்டில் எழுதினேன்: செத்தவை.

அப்போதுதான் யோகராணி கூப்பிட்டாள்,
ஜொகூரில் ஃபேக்டரி பஸ்ஸுக்கு நின்றபடி.
"லயத்துல தண்ணி வெட்டி பதினோரு நாளாச்சு.
எல்லாரும் கெளம்பிட்டாங்க.
இன்னும் ஏன்க்கா அங்கேயே கெடக்கிற?
பயமா, சோம்பலா?"
கம்பெனிக் கடிதம் ஃபிரிட்ஜின் கதவில் இருக்கிறது,
கோழிக்கடைக் காலண்டருக்குப் பக்கத்தில்.
நான் வாயெடுப்பதற்குள்
அவள் பஸ் வந்துவிட்டது.

திரும்பி வந்து, கழுவிப் போடத்தான் தகட்டை எடுத்தேன்.
ஏர்கோன் காற்றில் ஆறிப்போயிருந்தது.
எதற்கோ இன்னொரு தடவை கண்ணை வைத்தேன்.
ஓரத்தில் ஒன்று
வாலை அதிர்த்தது.
பாதிச் சுற்று. நின்றது.
பிறகு ஓடியது.
கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

சூட்டில் வாலின் மோட்டார் நின்றுவிடும்,
சில வகை தானே பிரேக் போட்டுக்கொள்ளும்,
வாலுக்குச் செலவழிப்பதை உடம்பைக் காக்கத் திருப்பிவிடும்.
பாலிடெக்னிக்கில் படித்தேன், பரீட்சையிலும் எழுதினேன்.
இருந்தும் நோட்டில் 'செத்தவை' என்று இருந்தது,
என் கையெழுத்தில்.

ஒரு கோடு இழுத்து அடித்தேன்.
மேலே சின்னதாக: நின்றவை.
நேரம் 3.40. பக்கத்தில் சுருக்கொப்பம்.

யோகாவுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.
விடிந்ததும் இரண்டு டின்னோடு
கோயில் குழாயடிக்குப் போக வேண்டும்.
வரிசை இருக்காது.