சத்தம் பார்த்து வாங்குகிறவள்

புந்தா அரேனாஸில் எல்லாரும்
பொட்டலத்தின் நெற்றியைப் பார்த்து வாங்குகிறார்கள்.
சர்க்கரை மிகுதி, உப்பு மிகுதி என்று
எட்டு மூலைக் கறுப்பு முத்திரைகள்
எத்தனையென்று எண்ணிப் பார்த்து
திரும்ப வைத்துவிடுகிறார்கள்.
நான் காதருகே கொண்டுபோய்
ஒருமுறை குலுக்குகிறேன்.

உடைந்திருந்தால் ஆகாது.
பால்தசாருக்கு பிஸ்கட் முழுவட்டமாக இருக்க வேண்டும்.
பிறை வந்தால் அழமாட்டான்.
டப்பாவை மூடி வைத்துவிட்டு
மேசைக்கடியில் போய் உட்காருவான்.
அன்றைக்கு அவ்வளவுதான்.

வரிசையில் பின்னால் நின்றவள்
என் கூடையைப் பார்த்தாள், பிறகு என்னை.
ஏழு பொட்டலம், பதினாலு முத்திரை.
சொல்லலாம்தான்.
சொல்லத் தொடங்கினால் பஸ் போய்விடும்.

நீல உறையில் வரும் சுருள் பாஸ்தா,
வெண்ணெய் படாமல்.
ரொட்டியின் மொறுமொறு மேல்தோல் அவனுக்கு,
உள்ளே இருக்கும் பஞ்சு எனக்கு
(மூன்று வருடமாய் நான் தின்பது பஞ்சுதான்).
குளிர்ந்த பால், மஞ்சள் கோப்பையில் மட்டும்.
"கோப்பையையும் உணவுப் பட்டியலில் எழுதியிருக்கிறீர்களே?"
என்றார் சத்துணவு நிபுணர்.
ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் எவாரிஸ்தோ
ஆட்டைத் தீயில் வாட்டிக்கொண்டே சொன்னான்:
"ரெண்டு நாள் பட்டினி போடு,
கல்லைக்கூடத் தின்பான்."
போட்டுப் பார்த்தோம், இவனுக்கு ஐந்து வயதில்.
மூன்றாம் நாள் கையில் ஊசி குத்தி
சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்.
கல்லை அவன் கேட்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன்.
அதை அண்ணனிடம் சொன்னதில்லை.
பூசணியை வேகவைத்து, மசித்து,
துணியில் இருமுறை வடித்து
பாஸ்தாவில் கலந்தேன் ஒரு கரண்டி.
ஒரே கரண்டி.
நிறம் தெரியவில்லை, மணமும் இல்லை எனக்கு.
முட்கரண்டியை உதட்டருகே நிறுத்தி
அவன் என்னைப் பார்த்தான்.
கண்ணோடு கண் பார்ப்பதில்லை என்று
அறிக்கையில் எழுதியிருக்கிறது.
அன்று பார்த்தான்.

பதினோரு நாள் பாஸ்தா இல்லை.
பன்னிரண்டாம் நாள்
ஸ்டூலை அடுப்பருகே இழுத்துப் போட்டு
அவனை ஏற்றி நிறுத்தினேன்.
உறையை அவனே கிழித்தான்.
தண்ணீர், உப்பு, சுருள்கள்.
என் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்,
சந்தையில் சோதனைக்கு நிற்கிறவள் போல.
இப்போது தினமும் அப்படித்தான் சமைக்கிறேன்.

செப்டம்பரில் ஜலசந்தியிலிருந்து காற்று கிளம்பும்போது
நகராட்சி தெருமுனைகளில் கயிறு கட்டுகிறது.
வங்கி மேலாளர்கூட
ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் கயிறென்று
தொங்கிக்கொண்டே கடக்கிறார்.
அவரிடம் யாரும் கேட்பதில்லை:
நேற்றும் இதே கயிறா,
வேறொன்றைப் பிடித்துப் பார்த்தால் என்ன?

ஐந்து மாதமாய்
அவன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு.
அதில் ஆப்பிள், தோல் சீவி, எட்டுத் துண்டு.
தின்னச் சொல்வதில்லை.
பழுப்பானதும் எடுத்துக் கொட்டுவேன்.
முதல் மாதம் அந்தத் தட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.
பிறகு பக்கவாட்டில்.

நேற்று
ஈரமான எதையும் தொடாத அந்த விரல்கள்
ஒரு துண்டை நுனியில் பிடித்துத் தூக்கின.
என் தட்டில் வைத்தான்.
கடித்தேன்.
கறுக்கென்று சத்தம் வந்தது.
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அடுத்த துண்டு.
கறுக்.
சிரித்தான், தோள் குலுங்க,
ஏதோ ரகசியம் பிடிபட்டவன் போல.
எட்டுத் துண்டையும் நானே தின்றேன்.
விரல்களைச் சட்டையில் நெடுநேரம் துடைத்துவிட்டு
பாஸ்தாவுக்குப் போனான்.

இன்று கடையில்
ஆப்பிள்களை ஒவ்வொன்றாய் எடுத்து
விரல் மடக்கித் தட்டிப் பார்க்கிறேன்.
காய்கறிப் பிரிவுப் பையன் கேட்டான்:
"இனிப்பானதா வேணும், சென்யோரா?"
"ரொம்பச் சத்தம் போடுறது" என்றேன்.